தல்மா தீவில் கணேசன் வளைவு

இந்தப் பயணத்துக்கு முழுக் காரணம் எதிர்வீட்டு ஈயன்தான். அபுதாபிக்கு மேற்கே, ருவைஸில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் எங்கள் வாசலுக்கு நேரே அவர் வாசல். என் கணவர் சேகர் வேலை செய்யும் ஆலையில்தான் அவருக்கும் வேலை. ஸ்காட்லாந்துக்காரர், அதிலும் ஸ்கை என்கிற தீவில் பிறந்து வளர்ந்தவர். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குத் தோசை சாப்பிட வந்தார். மூன்றாவது தோசையில் ஊர் ஞாபகம் வந்துவிட்டது போல. டிஷ்யூ பேப்பரை விரித்து, பேனாவால் தன் தீவை வரைய ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் தீவில் பெயரில்லாத கல்லே கிடையாதாம். ரூவா என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. பேன் என்றால் மலை. கார்பஸ்ட், ஸ்கீபஸ்ட் என்று பஸ்ட்டில் முடிகிற ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் கப்பலில் வந்து குடியேறிய நார்வேக்காரர்களின் பண்ணைகள். பண்ணைக்கு அவர்கள் வைத்திருந்த நீளமான வார்த்தை ஆயிரம் வருஷம் ஜனங்கள் வாயில் புரண்டு, கடைசியில் பஸ்ட் என்று தேய்ந்து நிற்கிறது. பண்ணை இல்லை, அந்தப் பாஷை பேசுகிறவர்களும் இல்லை, பஸ்ட் மட்டும் பாக்கி. ஒரு மலைக்குக் கிழவியின் மலை என்று பெயர். உச்சியில் கற்குவியல் ஒன்று. நார்வே இளவரசி ஒருத்தி, தன் ஊர்க் காற்று மேலே படவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அங்கே புதைக்கப்பட்டாள் என்று கதை சொல்கிறார்கள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனுஷர் அதோடு விட்டிருக்கலாம். கை கழுவிக்கொண்டே, "உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு உப்புத்தரை இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சேகருக்கும் தெரியவில்லை. இங்கேயே பிறந்த எங்கள் மகள் யாழினி, "அம்மா, சீரியஸ்லி, அதுக்கெல்லாம் பேர் இருக்குமா?" என்றாள். ஆறு வருஷமாகக் குடும்பத்தோடு எங்கே போகலாம், எங்கே பிரியாணி நன்றாக இருக்கும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து பதிவு எழுதுகிறவள் நான். அன்று ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படித்தான் தல்மா முடிவானது. ருவைஸ் கடற்கரைக்கு எதிரே, சுமார் நாற்பது கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிற தீவு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பத்து கிலோமீட்டர்கூட வராது. நடுவில் குன்றுகள், சுற்றிலும் தட்டையான கரை, தெற்கே ஊரும் துறைமுகமும். ஒரு வாரக் கடைசியில் ஒரு தீவின் அத்தனை பெயர்களையும் தெரிந்துகொண்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. சேகர் எங்கிருந்தோ ஒரு பழைய வரைபடத்தைத் தேடிப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தார். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நம்பிக் கிளம்பினோம். இறங்கவில்லை.

ருவைஸிலிருந்து படகுத்துறை இருக்கும் ஜபல் தன்னா கால் மணி நேரம். அபுதாபி நகரத்திலிருந்து வருகிறவர்கள் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டரை மணி நேரம் வேண்டும். காரையும் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய படகு. காருக்கும் எங்கள் மூவருக்கும் சேர்த்து நூறு திர்ஹாமுக்குள் முடிந்துவிட்டது. கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் முந்தின நாளே கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் எட்டரைக்குக் கிளம்பிப் பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கலாம் என்று போன யாழினி இரண்டே நிமிஷத்தில் ஏசி ஹாலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

ஹாலில் வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அரபிப் பெயர்களுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். ராஸ் என்றால் முனை, ஈயன் ஊரின் ரூவா. ஜபல் என்றால் மலை, அவருடைய பேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. எதிர் வரிசையில் தோள்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா தமிழா?"

பெயர் செல்வராசு. அறந்தாங்கிப் பக்கம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தீவில் குன்றுகளின் அடிவாரத்தில் வேலி போடுகிற வேலை, ஒப்பந்தக் கம்பெனி. அடையாள அட்டைக்குக் கைரேகை வைக்கக் கரைக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "கேம்ப்ல பையப் போட்டுட்டு நேரா டூட்டிக்குத்தாங்க்கா போவணும்" என்றார். வரைபடத்தில் தன் கேம்ப் எங்கே என்று காட்டச் சொன்னார். நான் துறைமுகத்தைக் காட்டியதும் அவரே விரலை வைத்து வழி போட ஆரம்பித்தார்.

"இதுலேர்ந்து இப்டியே மலையச் சுத்திப் போனா ரோடு ஒரு ஒடி ஒடிக்கும் பாருங்க, அதான் கணேசன் வளைவு. அதத் தாண்டுனா சிங் பள்ளம். கடலப் பாத்து எறங்குனா ஜமால் டேங்க். இந்தப் பக்கமா வந்தா பாண்டி மேடு."

நான் துள்ளிவிட்டேன். பாரசீக வளைகுடாவில், முத்துக்குளித்தவர்களின் தீவில், ஒரு கணேசன் வளைவு. "இதெல்லாம் யாரு வச்ச பேரு?" என்றேன்.

"நாங்கதாங்க்கா. அரபிப் பேரு எங்க வாயில நிக்க மாட்டேங்குது. வண்டிக்காரனுக்குப் போன்ல எடஞ் சொல்லணும்ல."

"கணேசன் யாரு, ஃபோர்மேனா?"

"இல்லக்கா. கூட வேல பாத்தவருதான்."

மேலே கேட்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. எழுந்து போய் ஹிந்தியில் யாரிடமோ 'அச்சா பாய், அச்சா பாய்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பென்சிலை எடுத்து நான்கு பெயர்களையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். ஈயனிடம் காட்டி அலட்டிக்கொள்ள வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர், சுத்தமான ஊர். எண்ணெய்க்கு முந்தின காலத்தில் முத்து வியாபாரம் கொழித்த இடம். வியாபாரி ஒருவரின் பழைய வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே குட்டிக் குட்டியாகப் பழைய பள்ளிவாசல்கள். சுற்றிலும் உப்புக்கடல் இருக்க, இந்தத் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருந்தனவாம். அரபியில் வாளிக்கும் தண்ணீருக்கும் உள்ள வார்த்தைகள் சேர்ந்துதான் தல்மா என்ற பெயரே வந்தது என்று அருங்காட்சியகக் காவலாளி சொன்னார். உண்மையா என்று எனக்குத் தெரியாது, கேட்க அழகாக இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மலையாளி ஹோட்டலில் மீன் குழம்புச் சாப்பாடு ஆளுக்குப் பதினைந்து திர்ஹாம். அறை ஒரு ராத்திரிக்கு முந்நூற்றைம்பது. திரும்பும்போது மீன் வாங்கிப் போவதற்காகப் பெரிய ஐஸ் பெட்டி ஒன்றைக் காரில் வைத்திருந்தோம். பெட்டி நிறைய ஐஸை நிரப்பச் சொல்லி நான்தான் நச்சரித்தேன், சேகர் எதற்கு இத்தனை என்று முணுமுணுத்தார்.

சாப்பிட்டு, அறையில் கொஞ்ச நேரம் சாய்ந்துவிட்டு, இரண்டு மணிக்குக் குன்றுகளைப் பார்க்கக் கிளம்பினோம். அந்த நேரத்தில் யாராவது கிளம்புவார்களா என்று கேட்காதீர்கள். காரில் ஏசி இருந்தது, இருட்டுவதற்குள் நான்கு இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பறந்தது. கோடையில் இங்கே வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு மதியம் கட்டாய ஓய்வு உண்டு. அந்த விதி செப்டம்பர் பாதியோடு முடிந்துவிடும். வெயிலுக்கு அந்தத் தேதி தெரியாது.

தீவின் நடு உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம். பூமிக்கு அடியில் இருந்த உப்பு மேலே தள்ளித் தள்ளி எழுந்த குன்றுகள் என்கிறார்கள். கறுப்பு, சிவப்பு, சாம்பல், ஒரு இடத்தில் மஞ்சள் தூவியது போல. நூறு மீட்டர்கூட உயரம் இல்லை, ஆனால் சுற்றிலும் தட்டைத் தரை என்பதால் பெரிய மலை மாதிரி தெரிகிறது. செல்வராசு சொன்னபடியே ரோடு ஒரு இடத்தில் சட்டென்று ஒடித்தது. "இதான் கணேசன் வளைவு" என்று நான் கத்தினேன். காரை நிறுத்தி, யாழினியை ஓரத்தில் நிற்க வைத்து, இரண்டு விரலைக் காட்டச் சொல்லி, அவள் போனிலேயே படம் எடுத்தேன். அவளுக்கும் சிரிப்பு. "ஹலோ மிஸ்டர் கணேசன்" என்றாள்.

அங்கிருந்து தார் ரோட்டை விட்டு மண்பாதையில் திரும்பினோம். சிங் பள்ளத்துக்குக் குறுக்கு வழி என்று சேகருக்கு ஒரு எண்ணம். எப்போதும் போலக் குறுக்கு வழி வேறு எங்கேயோ போனது. இரண்டு குன்றுகளுக்கு நடுவில், வேலிக்கம்பங்கள் வரிசையாகப் போகிற ஒரு பொட்டலில், நாலைந்து பேர் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. எங்கள் காரைப் பார்த்ததும் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். காலையில் படகில் பார்த்த செல்வராசு.

தரையில் ஒருவர் கிடந்தார். வீரமணி என்று பெயர், திட்டக்குடிக்காரர் என்று பிறகு தெரிந்தது. வெயிலுக்காக முகத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்துவிட்டிருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது, என்னவோ உளறிக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் சுற்றி நின்ற எல்லோருக்கும் வியர்வை ஊற்றுகிறது, அவர் கழுத்தைத் தொட்டால் காய்ந்துபோய் அடுப்புக்கல் மாதிரி இருந்தது. ஆலையில் ஒவ்வொரு கோடையிலும் சேகருக்கு வெப்பப் பாதுகாப்பு வகுப்பு கட்டாயம். அவர் தொட்டுப் பார்த்த உடனே, "இது சாதாரண மயக்கம் இல்ல, உடனே குளிர வைக்கணும்" என்றார்.

"லீவு முடிஞ்சு வந்து நாலு நாளுதான் சார் ஆச்சு" என்றார் செல்வராசு. "ஊருல மழையில நனைஞ்சுட்டு வந்த ஒடம்பு."

ஆம்புலன்ஸுக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தார். போன் அவர் கையில் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக, தெளிவாக, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறீர்கள், அந்த இடத்துக்குப் பெயர் என்ன.

"எடத்துக்குப் பேரு கேக்குறாங்கக்கா. நான் என்ன சொல்றது?"

"கணேசன் வளைவுக்கு உள்ளன்னு..." என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன்.

"அது நமக்குத்தானக்கா தெரியும், அவங்களுக்கு என்ன தெரியும். அதுவும் இந்த எடத்துக்கு எங்ககிட்டயே பேரு இல்ல."

நான் போனை வாங்கி ஆங்கிலத்தில் பேசினேன். இன்னொரு கையால் வரைபடத்தைக் காரின் பானட் மேல் விரித்தேன். இரண்டு வாரமாக நெட்டுருப் போட்ட பெயர்கள் எல்லாம் கரையோரத்தில் இருந்தன. நாங்கள் நின்ற இடத்தில் வெறும் வெள்ளைத்தாள். செல்போன் வரைபடத்தைத் திறந்தால் சாம்பல் நிறக் கட்டங்கள் வந்து அப்படியே நின்றன. குன்றுகளுக்கு நடுவில் குரல் போகிற அளவுக்குத்தான் சிக்னல். "மலைக்குப் பக்கத்தில்" என்றேன். எந்த மலை என்றார். "வேலி போடுகிற இடம்" என்றேன். எந்தப் பக்கத்து வேலி என்றார். அவர் மேல் தப்பே இல்லை. ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறான், நாங்கள் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல எங்கள் ஏழெட்டுப் பேரிடமும் ஒரு வார்த்தை இல்லை. 

"நம்ம வண்டில ஏத்துங்க" என்றார் சேகர். "ஏசி இருக்கு, ஐஸ் இருக்கு. தார் ரோட்டுக்குப் போயிட்டா எடஞ் சொல்லிரலாம்."

யாரும் அசையவில்லை. ஒருவர் பின்னால்கூட நகர்ந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெளியாளு வண்டில ஏத்தக் கூடாதுக்கா" என்றார் செல்வராசு. "ஆளு விழுந்தா கேம்ப் பாஸுக்குச் சொல்லணும், கம்பெனி வண்டி வந்து எடுக்கணும். வழியில ஒண்ணு ஆயிருச்சுன்னா சார் மேல கேஸு, எங்களுக்கு வேல கலாஸ், ஊருக்கு அனுப்பிருவாங்க. அதான் எல்லாரும் பயப்படுறாங்க. பாஸுக்குச் சொல்லியாச்சு. வண்டி ஹார்பர்ல பைப்பு ஏத்திக்கிட்டு இருக்காம். அரை மணி நேரத்துல வருமாம்."

"அரை மணி நேரம் தாங்குவாரா இவரு?"

செல்வராசு கீழே கிடந்தவரைப் பார்த்தார். உளறல் நின்றிருந்தது. செல்வராசு மெதுவாகத்தான் சொன்னார்.

"கணேசனுக்கும் அரை மணி நேரம்னுதாங்க்கா சொன்னாங்க."

"எந்தக் கணேசன்?"

"வளைவுக் கணேசன்."

நான் காரைத் திரும்பிப் பார்த்தேன்.  யாழினி காருக்குள் இருந்து ஜன்னலை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். 

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்வராசு என் கையிலிருந்த தன் போனை வாங்கி அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். வீரமணியின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார். "தூக்குங்கடா, வர்றது வரட்டும்" என்றார். பின்வாங்கியவர்தான் முதலில் வந்து காலைப் பிடித்தார்.

பின்சீட்டில் படுக்க வைத்தோம், செல்வராசு மட்டும் கூட ஏறிக்கொண்டார். யாழினி முன்னால் வந்து என்னோடு ஒண்டிக்கொண்டாள். சேகர் சொல்லச் சொல்ல, செல்வராசு ஐஸை அள்ளித் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று வைத்தார். சட்டையைக் கழற்றி உருகின ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றினார். வாயில் மட்டும் ஊற்ற விடவில்லை, நினைவில்லாதவருக்குத் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்றார் சேகர். மண்பாதையில் கார் குதித்துக் குதித்துப் போனது. தார் ரோட்டை எட்டியதும் சிக்னல் முழுசாக வந்தது. வெள்ளைக் கார், நான்கு விளக்கும் மின்ன மின்ன ஊரைப் பார்த்து வருகிறோம் என்று என் போனில் ஆம்புலன்ஸ்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஊருக்கு வெளியே ரவுண்டானாவில் அவர்கள் எதிரே வந்துவிட்டார்கள். இரண்டு பேர் இறங்கி, ஒரு வார்த்தை வீணாக்காமல் அவரை மாற்றிக்கொண்டார்கள். வழியில் கணேசன் வளைவைத் தாண்டித்தான் வந்திருப்போம். நான் தலையைத் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். உள்ளே உடம்புச் சூடு நாற்பத்தொரு டிகிரியைத் தாண்டியிருந்தது என்றார்கள். இன்னும் எதுவும் சொல்ல முடியாது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். செல்வராசு ஈரச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கேம்ப் பாஸிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. 'ஆஸ்பத்திரில இருக்கேன் பாய்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"மத்த பேரெல்லாம்?"

"எல்லாம் அப்டித்தாங்க்கா. சிங்கு டிப்பர் ஓட்டுனாரு, பஞ்சாபிக்காரரு. பள்ளத்துல வண்டி கவுந்துருச்சு. ஜமாலு சாவல. டேங்க்கு மேலேர்ந்து விழுந்து இடுப்பு போச்சு, பங்களாதேஷுக்கு அனுப்பிட்டாங்க. கணேசனுக்கு நெஞ்சுவலி."

"பாண்டி?"

"மத்தியானம் சாப்புட்டு மேட்டு நெழல்ல படுத்திருந்தான். தூங்குறான்னு நெனச்சுட்டோம்க்கா." ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தார். "பேரு வைக்கணும்னு யாரும் வைக்கலக்கா. மறுநா வண்டிக்காரன் எங்க எறக்கணும்னு கேப்பான். கணேசன் விழுந்த வளைவுலன்னு சொல்லுவோம். நாலு மாசத்துல 'விழுந்த' போயிரும். கணேசன் வளைவுன்னு நின்னுரும். இப்ப புதுசா வர்ற பயலுவளுக்குக் கணேசன் யாருன்னே தெரியாது. நீங்க கேட்ட மாரி ஃபோர்மேனான்னு கேப்பானுவ."

எனக்கு ஈயன் வரைந்த டிஷ்யூ பேப்பர் நினைவுக்கு வந்தது. ஆயிரம் வருஷத்தில் தேய்ந்தது என்று அவர் சொன்னபோது ரசித்துக் கேட்டேன். இங்கே நாலு மாசம் போதுமாக இருக்கிறது. அரபியில் படித்தால் புவியியல், தமிழில் படித்தால் ஆள் விழுந்த இடங்களின் கணக்கு, இரண்டும் ஒரே தீவு. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பொட்டலுக்கு ஏன் பெயரில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அங்கே இதுவரை யாரும் விழவில்லை.

ராத்திரி அறைக்குத் திரும்பினோம். யாழினி தன் போனை என்னிடம் நீட்டி, "அம்மா, அந்த ஃபோட்டோவ டெலீட் பண்ணவா, வச்சுக்கவா?" என்று கேட்டாள். கடைசியில் அவளே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியப் படகில் திரும்பினோம். மீன் வாங்கவில்லை. கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். கண்ணை மூடிப் படுத்திருந்தார், கையில் இரண்டு பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நினைவு வந்து போகிறது என்று நர்ஸ் சொன்னார். செல்வராசு டூட்டிக்குப் போய்விட்டிருந்தார்.

ஈயனிடம் சொன்னேன். அலட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த வரைபடத்தை மேஜையில் வைத்தேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மனுஷர், பென்சிலில் எழுதியிருந்த நான்கு பெயர்களையும் என்னை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். தானும் சொல்லிப் பார்த்தார். பாண்டி என்பது அவர் வாயில் சரியாக வரவில்லை, வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

தல்மா போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்டிப்பாகப் போங்கள், அழகான தீவு, ஆனால் நவம்பருக்குப் பிறகு போங்கள். படகு நேரத்தை நம்பி அன்றே திரும்பத் திட்டம் போடாதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள். பெட்ரோலைக் கரையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போனில் தீவின் வரைபடத்தைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கும் இடத்தின் எண்களை அது காட்டும். திரும்பி வந்த பிறகுதான் சேகர் அதைக் கண்டுபிடித்தார், தெரிந்திருந்தால் அன்று அந்த ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லியிருப்போம். ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள், மீனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வெயிலில் யாராவது விழுந்து, வியர்வை இல்லாமல், பேச்சுக் குழறிக் கிடந்தால் அது உயிர் போகிற விஷயம். முதலில் நிழல், பிறகு கழுத்திலும் அக்குளிலும் ஐஸ், கூடவே ஆம்புலன்ஸ். யார் வண்டி, யார் அனுமதி என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எங்கள் மேல் எந்தக் கேஸும் வரவில்லை.

செல்வராசு எங்களிடம் நம்பர் வாங்கியிருந்தார், ஆனால் கூப்பிடவில்லை. நாங்கள் அடித்தாலும் எடுக்கவில்லை. மூன்று வாரம் போயிற்று. ஊருக்கு அனுப்பிவிட்டார்களோ என்று ஒரு பயம், அதைவிடப் பெரிய பயம் ஒன்றை நாங்கள் மூவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நேற்று, இந்தப் பதிவைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது அவர் நம்பரிலிருந்து போன். போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேராகிவிட்டதாம். பாஸ் இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு விட்டுவிட்டாராம்.

எனக்கு நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. சுற்றி வளைத்து, "அந்த எடம், அந்த வேலி போட்ட எடம், அதுக்கு இப்ப என்ன பேரு சொல்றீங்க?" என்றேன். கேட்டுவிட்டுக் காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"பேரெல்லாம் வைக்கலக்கா" என்றார் செல்வராசு. பின்னால் யாரோ தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது. "வீரமணிதான் கேம்ப் கிச்சன்ல லைட் டூட்டி பாக்குறான். ஆளே இங்க இருக்கானேக்கா, அப்றம் எடத்துக்கு எதுக்குப் பேரு?"